பழைய கருவியும் புதிய கருவியும் ஒரே வைஃபையில்: சேர்ப்பதா, பிரிப்பதா?

புது ரூட்டர் வாங்கியாயிற்று. பெட்டியின் மேல் வைஃபை 6 என்றோ வைஃபை 7 என்றோ போட்டிருக்கிறது. அதோடு சேரப்போகும் கருவிகளோ பல வயதுடையவை: போன வருடத்து போன், ஆறேழு வருட லேப்டாப், பத்து வருடத்துக்கு மேலாக உழைக்கும் பிரிண்டர், 2.4 கிகாஹெர்ட்ஸ் என்ற அலைவரிசையைத் தவிர வேறெதுவும் தெரியாத ஸ்மார்ட் பிளக்குகள், எப்போதாவது எடுக்கும் பழைய டேப்லெட். எல்லாவற்றையும் ஒரே பெயரில், ஒரே பாஸ்வேர்டில் சேர்த்துவிடலாமா? அல்லது பழையதை ஒரு பக்கமும் புதியதை ஒரு பக்கமுமாகப் பிரித்து வைக்க வேண்டுமா?

"பழைய கருவி ஒன்று சேர்ந்தால் போதும், மொத்த வைஃபையும் அதன் வேகத்துக்கு இறங்கிவிடும்" என்று பலரும் சொல்வார்கள். இதை நம்பி, நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பிரிண்டரைத் தூக்கிப் போட்டவர்கள் உண்டு. "இப்போது வரும் ரூட்டர் எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொள்ளும்" என்று எந்த செட்டிங்கையும் தொடாமல் விட்டுவிடுபவர்களும் உண்டு. இரண்டு பேச்சும் பாதிதான் சரி. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேகத்தைப் பொறுத்தவரை பழைய கருவியால் வரும் கெடுதல் பெரும்பாலான வீடுகளில் பயப்படும் அளவுக்கு இல்லை. அந்தக் கருவியைச் சேர்ப்பதற்காக வைஃபையின் பாதுகாப்பைத் தளர்த்துகிறோமே, இழப்பு அங்கேதான் இருக்கிறது. எந்த வழி நல்லது என்பதை அதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

காற்றில் உண்மையில் என்ன நடக்கிறது

வைஃபை என்பது ஒரே மைக்கைப் பலர் மாற்றி மாற்றி வாங்கிப் பேசும் கூட்டம். ஒரு சேனலில், அதாவது அலைவரிசையின் ஒரு துண்டில், ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். மைக் யார் கைக்கு வந்தாலும் அவர் ஒரு செய்தியைச் சொல்லி முடிக்கும் வரை மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். பழைய கருவி பேசும்போதுகூட ரூட்டர் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்வதில்லை. ஒவ்வொரு கருவியோடும் அதற்கேற்ற வேகத்தில்தான் பேசுகிறது. ஆனால் மெதுவாகப் பேசுபவர் அதே செய்தியைச் சொல்ல நெடுநேரம் எடுத்துக்கொள்கிறார். பிரச்சினை அவ்வளவுதான்.

இதைக் கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். இணையத்தில் போகும் வழக்கமான பெரிய பாக்கெட் ஒன்று 1,500 பைட், அதாவது 12,000 பிட். 1 எம்பிபிஎஸ் (நொடிக்குப் பத்து லட்சம் பிட்) வேகத்தில் அதை அனுப்ப 12 மில்லிசெகண்டு ஆகும். 11 எம்பிபிஎஸ் என்றால் சுமார் 1.1 மில்லிசெகண்டு. 54 என்றால் 0.22. 300 எம்பிபிஎஸ் கருவிக்கு 0.04 மில்லிசெகண்டு போதும். இடைவெளி, ஒப்புகை (வந்து சேர்ந்தது என்ற பதில்) போன்ற மேற்செலவுகளைச் சேர்க்காத கணக்கு இது. ஆனாலும் நிலவரம் புரிகிறது. 1 எம்பிபிஎஸ்-இல் பேசும் கருவி ஒரே ஒரு பாக்கெட் அனுப்பும் நேரத்தில் 300 எம்பிபிஎஸ் கருவி முந்நூறு பாக்கெட் அனுப்பியிருக்கலாம்.

2003-இல் பிரான்சின் கிரெனோபிள் நகர ஆய்வாளர்கள் நால்வர் 802.11பி என்ற பழைய வைஃபை தலைமுறையைப் பற்றி எழுதிய கட்டுரை ஒன்று இதைத்தான் காட்டியது. வைஃபை விதிகள் எல்லோருக்கும் சமமான வாய்ப்பைத் தருகின்றனவே தவிர சமமான நேரத்தைத் தருவதில்லை. அதனால் மெதுவான கருவி ஒன்று ஓயாமல் அனுப்பிக்கொண்டிருந்தால், வேகமான கருவிகளுக்குக் கிடைப்பதும் அந்த மெதுவான வேகத்துக்குக் கீழே போய்விடுகிறது. "மொத்த வைஃபையும் இறங்கிவிடும்" என்ற பேச்சுக்கு வேர் இங்கேதான் இருக்கிறது. அந்தக் காலத்துக்கு அது சரியான பேச்சும்கூட.

அப்புறம் நிலைமை கொஞ்சம் மாறியது. 2009-இல் வந்த 802.11என், அதாவது இப்போது வைஃபை 4 என்று சொல்கிறோமே, அதிலிருந்து பல பாக்கெட்டுகளைச் சேர்த்து ஒரே முறையில் அனுப்பும் வசதி வந்துவிட்டது. புதிய கருவி தன் முறை வரும்போது நிறையவே அனுப்பிவிடுகிறது. ஏர்டைம் ஃபேர்னஸ் என்ற வசதி பல ரூட்டர்களில் இருக்கிறது. வாய்ப்பை எண்ணாமல் எடுத்துக்கொண்ட நேரத்தைக் கணக்கு வைத்துப் பங்கிடுவது அதன் வேலை. பழைய கருவிக்கு அதனால் இன்னும் கொஞ்சம் மந்தமாகும், மற்றவை பிழைத்துக்கொள்ளும். ஆனால் ரூட்டர் அனுப்புவதைத்தான் அது பெரும்பாலும் கட்டுப்படுத்தும். ஒரு கேமரா தானாக மேலே அனுப்பிக்கொண்டே இருந்தால் அதன் பிடி அவ்வளவு இறுகாது.

இதிலிருந்து ஒன்று தெளிவாகிறது. ஒரு கருவி எவ்வளவு பழையது என்று கேட்பதைவிட, அது எவ்வளவு நேரம் பேசுகிறது என்று கேட்பதுதான் பயன் தரும். வாரம் இரண்டு தடவை நாலு பக்கம் அச்சடிக்கும் பிரிண்டரால் யாருக்கும் தொந்தரவில்லை. இரவும் பகலும் வீடியோ அனுப்பிக்கொண்டிருக்கும் பழைய கேமராவால் உண்டு. அதோடு, பலர் கவனிக்காத விஷயம் ஒன்றும் இருக்கிறது. கடைசி அறையில், இரண்டு மூன்று சுவர்களுக்கு அப்பால் இருக்கும் புத்தம் புது போனும் சிக்னல் தேய்ந்து 6 அல்லது 12 எம்பிபிஎஸ்-க்கு இறங்கிப் பேசும். அந்த நேரத்தில் காற்றைப் பிடித்து வைத்திருப்பதில் அதற்கும் பழைய கருவிக்கும் பெரிய வித்தியாசமில்லை. பழியெல்லாம் பழைய லேப்டாப் மேல் விழுகிறது, காரணமோ மூலையில் தள்ளி வைத்த ரூட்டர்.

802.11பி மட்டும் இதில் தனிக்கதை. 1999-இல் வந்த அந்தத் தலைமுறைக்கு, 2003-இல் வந்த 802.11ஜி முதல் 2.4 கிகாஹெர்ட்ஸில் பின்வந்த தலைமுறைகள் எல்லாம் பேசும் முறையே புரியாது. யாரோ பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்பதைக்கூடச் சரியாகப் புரிந்துகொள்ளாமல் குறுக்கே பேச ஆரம்பித்துவிடும். அதனால் அப்படி ஒரு கருவி ரூட்டரோடு இணைந்துவிட்டால், 2.4-இல் உள்ள மற்றவை தாங்கள் பேசும் முன்பாக, பழைய மொழியில் "இவ்வளவு நேரம் வழிவிடு" என்று ஒரு அறிவிப்பு அனுப்ப வேண்டியிருக்கிறது. அந்தப் பி கருவி ஒன்றுமே அனுப்பாமல் சும்மா இணைந்து கிடந்தாலும் இந்தச் செலவு உண்டு. ஜி, என் கருவிகளைப் புதியவற்றோடு கலந்து வைப்பதில் இந்த அளவு சங்கடம் இல்லை.

இவ்வளவும் ஒரு ரேடியோவுக்குள், அதாவது ரூட்டர் ஒரு அலைவரிசையில் பேசும் பகுதிக்குள், நடப்பது. 2.4-இல் என்ன நடந்தாலும் 5 கிகாஹெர்ட்ஸில் பேசும் கருவிகளுக்கு அது கேட்காது. பிரித்து வைப்பதன் மொத்த அடிப்படையும் இந்த ஒரு வரிதான்.

வேகத்தைவிடப் பெரிய விஷயம்: பூட்டு

ரூட்டர் செட்டிங்கில் பாதுகாப்பு என்ற இடத்துக்குப் போனால் டபிள்யூஇபி, டபிள்யூபிஏ, டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 என்று பூட்டு முறைகள் வரிசையாக இருக்கும். இவற்றில் டபிள்யூஇபி-யின் ஓட்டைகள் 2001-லேயே வெளிவந்துவிட்டன. 2007-இல் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதை ஒரு நிமிடத்துக்குள் உடைத்துக் காட்டினார்கள். அதற்கு மாற்றாக 2003-இல் அவசரமாக வந்த டபிள்யூபிஏ, டிகேஐபி என்ற இடைக்காலக் குறியாக்க முறையைப் பயன்படுத்தியது. 2004-இல் வந்த டபிள்யூபிஏ2, ஏஇஎஸ் என்ற வலுவான குறியாக்க முறையோடு வந்தது. 2006 மார்ச் முதல் வைஃபை சான்றிதழ் பெறும் எந்தக் கருவிக்கும் அது கட்டாயம். டபிள்யூபிஏ3 வந்தது 2018-இல்.

பழைய கருவி இணைய மறுக்கும்போது என்ன செய்கிறோம்? செட்டிங்கில் கீழே இறங்கி, டிகேஐபி-யும் ஏஇஎஸ்-உம் கலந்த முறையைத் தேர்ந்தெடுக்கிறோம். அது இணைந்துவிடுகிறது. எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் அந்தக் கலப்பு முறையில், வீட்டுக் கருவிகள் அனைத்துக்கும் பொதுவாகப் போகும் செய்திகள் டிகேஐபி-யில்தான் போகும். புதிய போனும் அதை ஏற்றுக்கொண்டே ஆகவேண்டும். ஒரு கருவிக்காக வீட்டின் பூட்டு மொத்தமும் தளர்ந்துவிடுகிறது.

வேகத்தையும் இது சும்மா விடாது. 802.11என் முதலான தலைமுறைகளின் வேகங்களை டபிள்யூஇபி-யோடோ டிகேஐபி-யோடோ பயன்படுத்தக் கூடாது என்பது விதி. டிகேஐபி மட்டும் என்று வைத்துவிட்டால், எவ்வளவு புதிய கருவியாக இருந்தாலும் 54 எம்பிபிஎஸ்-ஐத் தாண்டாது. "புது ரூட்டர் வாங்கியும் வேகம் வரவில்லை" என்ற புகாரைக் கேட்டால் நான் முதலில் பார்க்கச் சொல்வது இந்த செட்டிங்கைத்தான். பழைய ரூட்டரில் இருந்த அமைப்பை அப்படியே புதியதில் தட்டெழுதி வைத்த வீடுகளில் இது சகஜம். ஐபோன் இருந்தால், வைஃபை பெயருக்குக் கீழே பாதுகாப்பு பலவீனமாக இருக்கிறது என்ற எச்சரிக்கை வருகிறதா என்றும் பார்த்துக்கொள்ளலாம்.

ஆகவே எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் இந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது: டபிள்யூபிஏ2 ஏஇஎஸ்-க்குக் கீழே இறங்கவே வேண்டாம். அதுகூடத் தெரியாத கருவிக்கு வீட்டு வைஃபையில் இடமில்லை. இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

சரி, வழிகளைப் பார்ப்போம்.

முதல் வழி: எல்லாம் ஒரே பெயரில்

ரூட்டர் பெட்டியிலிருந்து வரும்போதே பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். 2.4, 5, இருந்தால் 6 கிகாஹெர்ட்ஸ், எல்லாவற்றுக்கும் ஒரே பெயர். எந்தக் கருவி எந்த அலைவரிசையில் இருக்க வேண்டும் என்று ரூட்டரும் கருவியும் பேசிக்கொள்ளும். 2.4 மட்டுமே தெரிந்த கருவி தானாக அங்கே போய்விடும். போனை எடுத்துக்கொண்டு அறை அறையாக நடந்தாலும் இணைப்பைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. வீட்டில் யாருக்கும் எதையும் சொல்லிக்கொடுக்க வேண்டியதும் இல்லை. ஐந்தாறு வருடத்துக்கு உள்ளே வாங்கிய கருவிகள்தான் அதிகம் என்றால் இதுவே போதும்.

சிக்கல் எங்கே வரும் என்றால், புதிய பிளக் அல்லது பல்பை முதன்முதலாக இணைக்கும்போது. போன் 5 கிகாஹெர்ட்ஸில் இருக்கும், பிளக்குக்கோ 2.4 தவிர ஒன்றும் தெரியாது. சில செயலிகள் இந்த இடத்தில் தடுமாறி, "கருவி கிடைக்கவில்லை" என்று சொல்லி நின்றுவிடும். போனை எடுத்துக்கொண்டு ரூட்டரிலிருந்து தூரமாகப் போனால், போன் 2.4-க்கு மாறிய பிறகு வேலை முடியலாம். 5 கிகாஹெர்ட்ஸைச் சற்று நேரம் அணைத்துவைப்பது இன்னும் நிச்சயமான வழி.

இன்னொன்று, புதிய வசதிகளையே பார்த்து மிரளும் பழைய கருவிகள். இன்டெல்லின் சில பழைய வயர்லெஸ் கார்டுகளுக்கு, டிரைவரை (கார்டை இயக்கும் மென்பொருளை) புதுப்பிக்காத வரை, வைஃபை 6 ரூட்டரின் பெயரே பட்டியலில் தெரியாது. டிரைவரைப் புதுப்பித்தால் தீர்ந்துவிடும். அது தெரியாமல் லேப்டாப் பழுதாகிவிட்டது என்று நினைப்பவர்கள் உண்டு. டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 இரண்டும் கலந்த முறையும் சில பழைய பிரிண்டர்களுக்கும் பல்புகளுக்கும் ஒத்துவராது. ஒரு வைஃபை பெட்டியிலிருந்து இன்னொன்றுக்கு வேகமாக மாறுவதற்கான 802.11ஆர் வசதியும் அப்படியே. எல்லாம் ஒரே பெயரில் இருந்தால், ஒரு பிரிண்டருக்காக இவற்றை அணைக்கும்போது போனுக்கும் சேர்த்துத்தான் அணைக்க நேரிடும். முதல் வழியின் மெய்யான குறை இதுதான்.

இரண்டாம் வழி: அலைவரிசைக்கு ஒரு பெயர்

2.4-க்கு ஒரு பெயர், 5-க்கு வேறு பெயர். பழையவை, பல்புகள், பிளக்குகள், பிரிண்டர் எல்லாம் 2.4-இல். போன், லேப்டாப், டிவி 5-இல். ரூட்டரில் 6 இருந்தால் அதை 5-இன் பெயரோடே சேர்த்து வைத்துவிடலாம். பழைய கருவிகளால் அங்கே எப்படியும் நுழைய முடியாது. 6 கிகாஹெர்ட்ஸில் டபிள்யூபிஏ3 கட்டாயம், அந்த அலைவரிசை வீட்டு வைஃபைக்கு வந்ததே 2021 வாக்கில் வைஃபை 6இ-யோடுதான்.

பழையதும் புதியதும் உண்மையாகவே கலந்து கிடக்கும் வீட்டுக்கு எனக்குப் பிடித்த வழி இது. காரணம், ஒவ்வொரு பக்கத்தையும் அதனதன் தேவைக்கு ஏற்றபடி அமைத்துக்கொள்ளலாம். 2.4 பக்கத்தில் டபிள்யூபிஏ2 ஏஇஎஸ், 20 மெகாஹெர்ட்ஸ் சேனல் அகலம், ஒன்றோடொன்று மோதாத 1, 6, 11 சேனல்களில் ஒன்று. சேனல் 12, 13 வேண்டாம், பழைய கருவிகள் சிலவற்றுக்கு அவை தெரியவே தெரியாது. இந்தப் பக்கத்தில் 802.11ஆர் அணைந்திருக்கட்டும். எதுவும் மிரண்டால் வைஃபை 6 முறையையும் இங்கே மட்டும் அணைத்துவிடலாம். 5 பக்கத்தில் டபிள்யூபிஏ3-யோ, டபிள்யூபிஏ2-உம் டபிள்யூபிஏ3-உம் கலந்த முறையோ, 80 மெகாஹெர்ட்ஸ் அகலமோ, உங்கள் விருப்பப்படி. ஒன்றைத் தொட்டால் இன்னொன்று கெடாது.

முடிந்தால் 802.11பி-யை அணைத்துவிடுங்கள். ரூட்டரின் முறைத் தேர்வில் பி, ஜி, என் மூன்றும் கலந்தது என்று இருப்பதை ஜி, என் என்று மாற்றுவதுதான் வேலை. 2009-க்குப் பிறகு வாங்கிய கருவிகளில் இதனால் நிற்கக்கூடியது ஏதும் இருக்கும் என்று நான் எதிர்பார்க்க மாட்டேன். ஸ்மார்ட் பிளக்குகளில் பரவலாக இருக்கும் இஎஸ்பி8266 சிப்கூட ஜி, என் இரண்டும் தெரிந்தது.

இதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. ரூட்டர் தன் பெயரை நொடிக்குச் சுமார் பத்து முறை அறிவித்துக்கொண்டே இருக்கும். பி அனுமதிக்கப்பட்டிருந்தால் அந்த அறிவிப்பு வழக்கமாக 1 எம்பிபிஎஸ்-இல் போகும். 250 பைட் அறிவிப்பு என்று வைத்துக்கொண்டால், ஒன்றுக்கு 2 மில்லிசெகண்டு, அதாவது ஒரு பெயருக்கே சேனலின் நேரத்தில் ஏறக்குறைய 2 விழுக்காடு. 6 எம்பிபிஎஸ்-இல் போனால் அதில் ஆறில் ஒரு பங்குதான். கருவிக்கு ஒரு பெயர் என்று 2.4-இல் நாலைந்து பெயர்களை உருவாக்கி வைப்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

பெயர் வைப்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. பழைய ரூட்டரில் இருந்த அதே பெயரையும் பாஸ்வேர்டையும் புதிய ரூட்டரின் 2.4-க்குக் கொடுத்துவிடுங்கள். புதுப் பெயரை 5-க்கு வையுங்கள். பல்பு, பிளக், பிரிண்டர் எல்லாம் ரூட்டர் மாறியதே தெரியாமல் தானாக வந்து இணைந்துவிடும். பிரிண்டரின் சின்னத் திரையில் அம்புக்குறிப் பொத்தானை அழுத்தி அழுத்தி ஒவ்வொரு எழுத்தாகப் பாஸ்வேர்டு போட்டவர்களுக்கு இதன் அருமை தெரியும். போனும் லேப்டாப்பும் பழைய பெயரைத் தேடி 2.4-க்குப் போய்விடாமல் இருக்க, அவற்றில் மட்டும் பழைய பெயரை மறக்கச் செய்துவிட வேண்டும். பழைய பாஸ்வேர்டு ஊருக்கே தெரிந்தது என்றால் இந்தச் சலுகை கிடையாது. மாற்றித்தான் ஆக வேண்டும்.

பெயர் வேறானாலும் நெட்வொர்க் ஒன்றுதான். 5-இல் இருக்கும் லேப்டாப்பிலிருந்து 2.4-இல் இருக்கும் பிரிண்டருக்குத் தாராளமாக அச்சு அனுப்பலாம். விருந்தினர் நெட்வொர்க் என்று ரூட்டரில் ஒரு வசதி இருக்கும். அது வேறு. அதில் சேரும் கருவிகள் மற்ற கருவிகளைப் பார்க்க முடியாதபடி தடுக்கப்படும். தன் நிறுவனத்தின் சர்வரோடு மட்டும் பேசும் பிளக்குகளையும், மென்பொருள் புதுப்பிப்பு நின்றுபோன பழைய கேமராவையும் அங்கே தள்ளிவிடுவது நல்ல யோசனை. பிரிண்டரையும், போனிலிருந்து படம் அனுப்பும் டிவியையும் அங்கே போட்டால் வேலை செய்யாது.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். 5 கிகாஹெர்ட்ஸ் சுவர்களைத் தாண்டுவதில் 2.4 அளவுக்குத் தெம்பானது அல்ல. கடைசி அறையில் 5 தேய்ந்து போனால், ஒரே பெயராக இருக்கும்போது போன் சத்தமில்லாமல் 2.4-க்கு மாறியிருக்கும். பெயர் பிரிந்திருந்தால், கையால் மாற்ற வேண்டும், அல்லது இரண்டு பெயரையும் போனில் சேமித்து வைக்க வேண்டும். வீட்டில் இதையெல்லாம் யோசிக்க விரும்பாதவர்கள் இருந்தால், நாலு நாளில் எல்லாப் போனும் 2.4-க்கே வந்து சேர்ந்திருக்கும். பெரிய வீடு, தடித்த சுவர், பொறுமையில்லாத குடும்பம் என்றால் இரண்டாம் வழியின் லாபம் வெகுவாகக் குறைகிறது.

பல பெட்டிகள் சேர்ந்து ஒரே வைஃபையாக இயங்கும் மெஷ் வகை ரூட்டர்கள் சிலவற்றில் பெயரைப் பிரிக்கவே விடமாட்டார்கள். அதற்குப் பதிலாக ஸ்மார்ட் கருவிகளுக்கென்று தனியாக ஒரு 2.4 பெயரை உருவாக்கும் வசதி இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். இருந்தால் பழையவற்றை மட்டும் அதில் போட்டுவிட்டு, பொதுப் பெயரை ரூட்டர் போக்கிலேயே விட்டுவிடலாம். வாங்குவதற்கு முன்பே பார்த்துவைக்க வேண்டிய விஷயம் இது.

மூன்றாம் வழி: பழைய ரூட்டரைப் பழையவற்றுக்கே விட்டுவிடுவது

சும்மா கிடக்கும் பழைய ரூட்டரைக் கேபிளால் புதியதோடு இணைத்து, பழைய கருவிகளுக்கு மட்டும் அதைப் பயன்படுத்துவது. செய்வது கடினமில்லை. பழைய ரூட்டரின் டிஹெச்சிபி-யை, அதாவது கருவிகளுக்கு முகவரி கொடுக்கும் வசதியை, அணைக்க வேண்டும். அதன் முகவரியைப் புதிய ரூட்டரின் முகவரியோடு மோதாதபடி மாற்ற வேண்டும். லேன் துளையிலிருந்து லேன் துளைக்குக் கேபிள் போட வேண்டும். ஆக்சஸ் பாயின்ட் முறை என்றே ஒரு தேர்வு இருந்தால் இன்னும் சுலபம்.

இதைப் பரிந்துரைக்கும் பலரும் ஒரு விஷயத்தை மறந்துவிடுகிறார்கள். காற்று ஒன்றுதான். இரண்டு பெட்டியும் ஒரே சேனலில் இருந்தால், பழைய கருவி எந்தப் பெட்டியோடு பேசினாலும் புதியவை காத்திருக்கத்தான் வேண்டும். புதிய ரூட்டர் சேனல் 1-இல் இருந்தால் பழையதை 6-இலோ 11-இலோ வைத்தால்தான் பிரித்ததற்குப் பொருள் இருக்கிறது. பக்கத்து வீடுகளின் வைஃபை நெருக்கமாக இருக்கும் இடத்தில் மூன்று சேனலில் இரண்டை நாமே எடுத்துக்கொள்வது கட்டுப்படியாகாமல் போகலாம். புதிய ரூட்டரின் 2.4-ஐ முழுதாக அணைத்துவிட்டு, அந்த வேலையைப் பழையதிடமே விட்டுவிடுவது சில வீடுகளுக்குப் பொருந்தும்.

எனக்கு இதில் உள்ள பெரிய தயக்கம் வேறு. பத்து வருட ரூட்டருக்கு மென்பொருள் புதுப்பிப்பு பெரும்பாலும் நின்றுபோயிருக்கும். அதை வீட்டு நெட்வொர்க்கின் நடுவில் வைக்கிறோம். அதிலும் சிலர், புதிய ரூட்டர் ஏற்காத டபிள்யூஇபி கருவியை இணைக்கவே இந்த ஏற்பாட்டைச் செய்கிறார்கள். புதிய ரூட்டரில் டபிள்யூபிஏ3 போட்டுக் காத்த வீட்டுக்கு, பக்கத்திலேயே ஒரு நிமிடத்தில் திறக்கக்கூடிய கதவு. அந்தக் கதவு வழியாக வருபவர் உள்ளே வருவது அதே நெட்வொர்க்குக்குள்தான். இதைச் செய்யவே கூடாது.

அப்படியென்றால் மூன்றாம் வழி யாருக்கு? பழைய ரூட்டர் மூன்று நான்கு வருடத்துக்குள் வாங்கியதாக இருந்து, இன்னும் புதுப்பிப்பு வந்துகொண்டிருந்து, வீட்டின் மறுகோடி வரை கேபிளும் போக முடிந்தால் அருமையான வழி. அப்போதும் பழைய கருவிகளுக்காக என்பதைவிட, கடைசி அறைக்குச் சிக்னல் கொடுக்க என்றுதான் அதைப் பார்க்க வேண்டும். முன்பு சொன்ன, 6 எம்பிபிஎஸ்-க்குத் தேய்ந்த புதுப் போனை அது காப்பாற்றும். கேபிள் இல்லாமல் ரிப்பீட்டராக வைப்பது வேறு கதை. ஒரே ரேடியோவில் வாங்கி அதே ரேடியோவில் திருப்பி அனுப்புவதால், பயன் பாதியாகக் குறைந்துவிடும்.

நான்காம் வழி: பழையதை வைஃபையிலிருந்தே எடுத்துவிடுவது

தூக்கிப் போடுவதைச் சொல்லவில்லை. இடம் நகராத கருவிக்கு வைஃபை எதற்கு என்ற கேள்விதான். ரூட்டர் பக்கத்தில் இருக்கும் டெஸ்க்டாப்புக்கும் டிவிக்கும் கேபிள் போட்டுவிட்டால் அவை காற்றில் எடுத்துக்கொண்ட நேரம் முழுதும் மற்றவர்களுக்குத் திரும்பிவிடும். பல டிவிகளின் கேபிள் துளை 100 எம்பிபிஎஸ்தான். பார்க்கக் குறைவாகத் தெரியும். 4கே படம் ஓட 25 எம்பிபிஎஸ் இருந்தாலே போதும் என்பதால் அது ஒரு குறையே இல்லை. பழைய பிரிண்டரில் கேபிள் துளை இருந்தால் அதையும் ரூட்டரோடு இணைத்துவிடுங்கள். வைஃபை மூலம் பேசும் எல்லாக் கருவிகளும் முன்பு போலவே அதில் அச்சடிக்கலாம். பாதுகாப்பு முறை பற்றிய அத்தனை தலைவலியும் ஒரு கேபிளில் போய்விடுகிறது.

பழைய லேப்டாப்புக்கு இன்னொரு வழி, யூஎஸ்பி வைஃபை அடாப்டர். கணினி நன்றாக ஓடுகிறது, உள்ளே இருக்கும் கார்டு மட்டும் 2.4-ஐத் தாண்டாது என்றால், சின்ன அடாப்டர் ஒன்று அதை 5-க்குக் கொண்டுபோய்விடும். அதில் யூஎஸ்பி 3 துளை இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். யூஎஸ்பி 2 துளையில் போட்டாலும் ஓடும், ஆனால் புதிய அடாப்டரின் முழு வேகத்தைக் காட்டாது.

டபிள்யூஇபி தவிர எதுவும் தெரியாத கருவிகளுக்கு இந்த வழியும் உதவாது. 2004-இல் வந்த நின்டென்டோ டிஎஸ் என்ற கையடக்க விளையாட்டுக் கருவி அப்படிப்பட்டது. 802.11பி, டபிள்யூஇபி, அவ்வளவுதான் அதன் உலகம். இணையம் இல்லாமலே அதில் விளையாடலாம் என்பதால், வீட்டு வைஃபையின் பூட்டைக் கழற்றிவைக்க அதுவும் ஒரு காரணமாகாது.

எந்த வீட்டுக்கு எது

கருவிகள் பெரும்பாலும் வைஃபை 5-உம் அதற்குப் பிந்தையவையும், பழையது என்று ஒரு பிரிண்டரும் இரண்டு பிளக்கும் மட்டும் என்றால் ஒரே பெயரிலேயே இருங்கள். பாதுகாப்பு முறையைச் சரிபார்த்து, பி-யை அணைத்தால் போதும். பத்து பதினைந்து ஸ்மார்ட் கருவிகளும், ஓயாமல் ஓடும் கேமராக்களும், வயதான லேப்டாப்பும் கலந்து இருந்தால் பெயரைப் பிரியுங்கள், கேபிள் போட முடிந்தவற்றுக்குக் கேபிள் போடுங்கள். இரண்டாம் வழியும் நான்காம் வழியும் ஒன்றுக்கொன்று போட்டியல்ல, சேர்ந்தால்தான் முழுப் பயன். மூன்றாவதை, கடைசி அறையில் சிக்னல் இல்லை என்ற வேறு காரணம் இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

வீட்டில் உள்ள கருவிகள் எல்லாம் வைஃபை 5 என்றால், வைஃபை 7 ரூட்டர் வாங்கினாலும் அவை வைஃபை 5-ஆகத்தான் பேசும். புதிய தலைமுறையின் வசதிகளுக்கு இரண்டு பக்கமும் புதிதாக இருக்க வேண்டும். ரூட்டரை மாற்றும் முன் இதை ஒரு முறை எண்ணிப் பார்ப்பது நல்லது.

மாற்றங்களை ஒவ்வொன்றாகச் செய்யுங்கள். பி-யை அணைத்துவிட்டு ஓரிரு நாள் விட்டுப் பாருங்கள், அப்புறம் பெயரைப் பிரியுங்கள். எல்லாவற்றையும் ஒரே மாலையில் மாற்றினால், பல்பு ஒன்று இணையாமல் நிற்கும்போது எதனால் என்று கண்டுபிடிக்க முடியாது. முடித்ததும் ரூட்டரின் இணைந்த கருவிகள் பட்டியலைத் திறந்து, எது எந்த அலைவரிசையில், என்ன இணைப்பு வேகத்தில் இருக்கிறது என்று பாருங்கள். ரூட்டருக்குப் பக்கத்திலேயே இருக்கும் புதிய லேப்டாப் 54-இல் நின்றால் டிகேஐபி எங்கோ ஒளிந்திருக்கிறது. 72 அல்லது 144 என்றால் 5-க்குப் போகாமல் 2.4-இலேயே உட்கார்ந்திருக்கிறது என்று கொள்ளலாம். அந்த லேப்டாப்பில் பழைய பெயரை மறக்கச் செய்துவிட்டு மீண்டும் இணைத்துப் பாருங்கள்.